கெமிஸ்ட்ரி லேப் வேலைக்குப் படிக்கணுமா? நம்ம திருநெல்வேலி பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட எங்க சொந்தக்காரங்க வீட்ல இருந்து போன் வர ஆரம்பிச்சுரும், பிள்ளைய லேப் டெக்னீசியனுக்கு விடலாம்னு இருக்கோம், எங்க சேக்கணும், எவ்ளோ ஆகும்னு. நான் தூத்துக்குடி பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனி லேப்ல ஷிப்ட் பாக்கேன், அதனால என்னையக் கேக்காங்க. நான் படிக்கும்போது இதச் சொல்ல ஆள் கெடையாது, அங்க கேட்டு இங்க கேட்டு அலைஞ்சுதான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுது, போன வருஷம் எங்க சித்தி மகள சேக்கப் போகும்போதும் அதே அலைச்சல்தான், ஒரு ஆபீஸ்ல சொன்னத இன்னொரு ஆபீஸ்ல இல்லங்காங்க. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிப் போட்டுருதேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

1. எந்த லேப்னு மொதல்ல தெளிவாகுங்க

நம்ம ஊர்ல லேப் டெக்னீசியன்னு சொன்னா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு ரத்தம் எடுக்கற லேப்தான் ஞாபகத்துக்கு வரும். எங்க ஆச்சி இன்னைக்கு வரைக்கும் எனக்கு சுகர் டெஸ்ட் பண்ணி உடுலேங்காங்க. அந்தப் படிப்பு டி.எம்.எல்.டி., இல்லன்னா பி.எஸ்.சி. எம்.எல்.டி., அது மருத்துவக் கல்வி பக்கம் போற ரூட்டு. நான் சொல்லுதது வேற. சிமெண்ட், உரம், காஸ்டிக் சோடா, உப்பு, தண்ணி, கரண்ட் எடுக்கற பிளாண்ட், இந்த மாதிரி எடத்துல சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் கொடுக்கற லேப்.

இந்தக் குழப்பத்தாலதான் நெறைய பேர் மாட்டுதாங்க. கெமிஸ்ட்ரி பிடிக்கும்னு சொல்ற பிள்ளைய டி.எம்.எல்.டி.ல கொண்டு போய் சேத்துட்டு, அந்த சர்டிபிகேட்ட வச்சு ஃபேக்டரி லேபுக்கு அப்ளை பண்ணா எடுக்க மாட்டாங்க. பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரிய வச்சு ஆஸ்பத்திரி லேபுக்குப் போனாலும் அதே கததான். ரெண்டும் ஒண்ணுன்னு யாராவது அட்மிஷன் ஆபீஸ்ல சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. அதே மாதிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில ஆறு மாசத்துல லேப் டிப்ளமோன்னு போர்டு மாட்டி வச்சிருப்பாங்கள்லா, அதுல பணத்தக் கட்டுறதுக்கு முன்னாடி சர்டிபிகேட்ட யாரு கொடுக்கான்னு கேளுங்க. ஐ.டி.ஐ.ன்னா மத்திய அரசோட தொழிற்பயிற்சிச் சான்றிதழ் (என்.சி.வி.டி.னு சொல்லுவாங்க), டிப்ளமோன்னா தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், டிகிரின்னா யுனிவர்சிட்டி. இந்த மூணுல ஒண்ணு இல்லன்னா அந்தப் பேப்பருக்கு ஃபேக்டரி கேட்ல மதிப்பு இல்ல.

வேலை எங்க இருக்குன்னு ஒரு கணக்கு இருந்தாத்தான் படிப்பத் தேர்ந்தெடுக்க முடியும். தாழையூத்து சங்கர் நகர்ல இந்தியா சிமெண்ட்ஸ், கங்கைகொண்டான் சிப்காட்டுல டயர் கம்பெனி, கூல்டிரிங்க்ஸ் கம்பெனி, டாடாவோட சோலார் செல் பிளாண்ட். கெழக்க போனா தூத்துக்குடி ஸ்பிக் உரக் கம்பெனி, தெர்மல் பவர் பிளாண்ட், கனநீர் ஆலை, ஆறுமுகநேரி பக்கம் சாகுபுரம் டி.சி.டபிள்யூ. காஸ்டிக் சோடா கம்பெனி. தெக்க கூடங்குளம் அணுமின் நிலையம். அரசு சைடுல பாளையங்கோட்டையில உணவுப் பகுப்பாய்வு லேப் இருக்கு, குடிநீர் வாரியத்துக்குத் தண்ணி டெஸ்ட் லேப் இருக்கு. இது போக தண்ணி, மண்ணு, மீன் ஏற்றுமதி சாம்பிள் டெஸ்ட் பண்ற பிரைவேட் லேப் தூத்துக்குடியில இருக்கு.

2. கண்ணு டெஸ்ட் பண்ணிருங்க

இத யாரும் சொல்ல மாட்டாங்க, நான் ரெண்டாவதா வச்சிருக்கேன். கலர் பாக்கதுல கோளாறு இருந்தா இந்த வேலை ரொம்ப கஷ்டம். தண்ணியோட கடினத்தன்மை பாக்க இடிடிஏங்கற கெமிக்கலச் சொட்டுச் சொட்டா விட்டு அளக்கும்போது, அதாவது டைட்ரேட் பண்ணும்போது, ஒயின் செவப்புல இருந்து நீலத்துக்கு மாறும், நடுவுல ஒரு ஊதா வரும், அந்த ஊதாவுல நிறுத்துனா ரீடிங் கம்மி, தாண்டிப் போனா ஜாஸ்தி. அந்த ஒரு சொட்டுல செவப்புச் சாயல் போயிருச்சா இல்லையான்னு கண்ணுதான் சொல்லணும். பெரிய கம்பெனி, மத்திய அரசு நிறுவனம் எல்லாத்துலயும் மெடிக்கல்ல கலர் விஷன் பாக்காங்க, புள்ளி புள்ளியா இருக்கற படத்துக்குள்ள நம்பர் வாசிக்கச் சொல்லுவாங்க. மூணு வருஷம் படிச்சு எக்ஸாம் எழுதி பாஸாகி மெடிக்கல்ல வெளிய வந்தா எப்படி இருக்கும். திருநெல்வேலியில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு, ஹைகிரவுண்ட்ல அரசு ஆஸ்பத்திரி இருக்கு, கலர் விஷன் மட்டும் பாக்கணும்னு கேட்டா கொஞ்ச நேரத்துல முடிஞ்சுரும். ஆம்பளப் பிள்ளைங்களுக்குத்தான் இது அதிகம் வரும், அதனால பையனா இருந்தா கண்டிப்பா பாருங்க.

3. மூணு வழி இருக்கு

ஐ.டி.ஐ. வழி: லேபரட்டரி அசிஸ்டெண்ட் கெமிக்கல் பிளாண்ட்னு ஒரு டிரேடு, ரெண்டு வருஷம், பத்தாவது பாஸ் போதும். அட்டெண்டண்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளாண்ட்னு இன்னொண்ணு இருக்கு, அது லேப் இல்ல, பிளாண்ட் ஓட்டுற வேலை, பேர் ஒரே மாதிரி இருக்கதால மாத்திப் போட்டுராதீங்க. ஒரு சிக்கல் என்னன்னா எல்லா ஐ.டி.ஐ.லயும் இந்த டிரேடு இருக்காது, ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும்தான் எங்கயும் இருக்கும், அதனால ஆன்லைன் லிஸ்ட்ல டிரேடு பேரப் போட்டுத் தேடிப் பாருங்க, எந்த ஊர்ல இருக்கோ அங்க ஹாஸ்டல் உண்டான்னும் கேட்டுக்கோங்க. அரசு ஐ.டி.ஐ.ன்னா ஃபீஸ் கெடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, சைக்கிள், யூனிஃபார்ம், பஸ் பாஸ் எல்லாம் தாராங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்கு வயசு வரம்பு இல்ல.

பாலிடெக்னிக் வழி: கெமிக்கல் டிப்ளமோ, பத்தாவது முடிச்சா மூணு வருஷம். ப்ளஸ் டூ சயின்ஸ் குரூப்போ ரெண்டு வருஷ ஐ.டி.ஐ.யோ முடிச்சிருந்தா நேரடியா ரெண்டாம் வருஷம். நம்ம பக்கம் பாலிடெக்னிக் ஏகப்பட்டது இருக்கு ஆனா முக்கால்வாசி மெக்கானிக்கல், சிவில், கம்ப்யூட்டர்தான், கெமிக்கல் பிராஞ்ச் தேடணும். சென்னை தரமணியில கெமிக்கலுக்குன்னே ஒரு அரசு நிறுவனம் இருக்கு, ஊரு விட்டுப் போக ரெடின்னா அதப் பாருங்க. டிப்ளமோவுல ஒரு வசதி, பிற்பாடு பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேரலாம்.

பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி வழி: மூணு வருஷம், ப்ளஸ் டூல கெமிஸ்ட்ரி படிச்சிருக்கணும். நம்ம மாவட்டத்துல இதுக்குத்தான் காலேஜ் நெறைய, பாளையங்கோட்டையில சேவியர்ஸ், ஜான்ஸ், பொம்பளப் பிள்ளைங்களுக்கு சாரா டக்கரும் டவுன் பக்கம் ராணி அண்ணா அரசு காலேஜும், பேட்டை இந்து காலேஜ், ரஹ்மத் நகர் சதக்கத்துல்லா அப்பான்னு. எல்லாம் மனோன்மணீயம் சுந்தரனார் யுனிவர்சிட்டி கீழ வரும்.

என் அபிப்ராயம் கேட்டீங்கன்னா, பத்தாவதோட நிறுத்திட்டு சீக்கிரம் சம்பாதிக்கணும்னா ஐ.டி.ஐ. நல்லது, கை வேலை நல்லா வரும், ஆனா லேப்ல மேல போறதுக்கு ஒரு கட்டத்துல டிகிரி கேப்பாங்க. ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைக்கு பி.எஸ்.சி.தான் நம்ம பக்கம் நடைமுறைக்கு ஒத்து வரும். கெமிக்கல் டிப்ளமோக்காரங்கள லேபவிட பிளாண்டுக்குத்தான் அதிகம் இழுக்காங்க.

4. பி.எஸ்.சி.ன்னா துணைப்பாடத்தப் பாருங்க, இதுதான் பெரிய கண்ணி

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இத வச்சுக்கோங்க.

பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரில மெயின் பாடம் கெமிஸ்ட்ரி, கூட அலைடுன்னு ரெண்டு பாடம் வரும், இப்ப சில காலேஜ்ல எலக்டிவ்னு பேர மாத்தி வச்சிருக்காங்க. பொதுவா ஒண்ணு ஃபிசிக்ஸ், இன்னொண்ணு மேத்ஸ் இல்லன்னா ஜுவாலஜி இல்லன்னா பாட்டனி. சேரும்போது இத யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, மேத்ஸ் கஷ்டம் ஜுவாலஜி எடுத்தா மார்க் வரும்னு சீனியர் சொல்லுவாங்க, பிள்ளையும் அதப் போட்டுரும்.

வேலைக்கு அப்ளை பண்ணும்போதுதான் தெரியும். இந்தியன் ஆயில் ரிஃபைனரியில குவாலிட்டி கன்ட்ரோல் அனலிஸ்ட் போஸ்டுக்கு பி.எஸ்.சி.ல ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூணும் இருக்கணும்னு நோட்டிஃபிகேஷன்லயே போட்டிருக்கும், அங்க அப்ரண்டிஸ் அட்டெண்டண்ட் ஆபரேட்டருக்கும் அதே மூணுதான். ஜுவாலஜி அலைடு எடுத்த பிள்ளை 90 சதவீதம் வாங்கியிருந்தாலும் அந்த ஃபார்ம்ல உள்ளயே போக முடியாது. கூடங்குளம் மாதிரி அணுமின் கழக ஸ்டைபண்டரி ட்ரெய்னிக்கு (உதவித்தொகையோட பயிற்சி) பி.எஸ்.சி.ல 60 சதவீதம் வேணும், அங்கயும் எந்தப் பாடம் மெயினு, எது துணைன்னு வரி வரியாப் போட்டிருப்பாங்க. 59.5 வச்சுக்கிட்டு 60னு ரவுண்ட் பண்ணலாமான்னு கேக்காதீங்க, முடியாது.

அதனால ப்ளஸ் டூல மேத்ஸ் படிச்ச பிள்ளைன்னா கண்ண மூடிட்டு மேத்ஸ் அலைடு உள்ள காலேஜாப் பாத்துப் போடுங்க. ஒரே காலேஜ்ல காலையில ஒரு பேட்சுக்கு மேத்ஸ், இன்னொரு பேட்சுக்கு ஜுவாலஜின்னு இருக்கலாம், அட்மிஷன் அன்னைக்கே கேட்டு எழுதி வாங்குங்க, சேந்த பொறவு மாத்தித் தாறது அபூர்வம். ப்ளஸ் டூல மேத்ஸ் இல்லாம பயாலஜி குரூப் எடுத்த பிள்ளைக்குப் பொதுவா மேத்ஸ் அலைடு தர மாட்டாங்க, அதுக்காகக் கெமிஸ்ட்ரிய விடணும்னு இல்ல, ஃபுட் லேப், வாட்டர் லேப், மருந்துக் கம்பெனி பக்கம் போகலாம், அங்க ஜுவாலஜியும் பாட்டனியும் இடிக்காது. என்ன, ரிஃபைனரிக் கனவ மட்டும் அப்பவே மடிச்சு வச்சுரணும்.

வயசும் இதுல சேரும். இந்த மத்திய நிறுவன ட்ரெய்னி, அப்ரண்டிஸ் போஸ்டுக்கெல்லாம் பொது வரம்பு 24, 25 வயசுதான், ஓ.பி.சி.க்கு 3 வருஷம், எஸ்.சி. எஸ்.டி.க்கு 5 வருஷம் தளர்வு. அரியர் வச்சு ரெண்டு வருஷம் இழுத்தா அந்தக் கதவு சாத்திரும்.

5. சேரதுக்கு முன்னாடி லேபுக்குள்ள போய்ப் பாருங்க

காலேஜ் கட்டடம், கேண்டீன், ஆடிட்டோரியம் எல்லாம் சுத்திக் காட்டுவாங்க, நீங்க கெமிஸ்ட்ரி லேபக் காட்டுங்கன்னு கேளுங்க. நாலு விஷயம் பாத்தாப் போதும். சொட்டுச் சொட்டா அளந்து விடுற கண்ணாடிக் குழாய், அந்த பியூரெட் ஒண்ணுக்கு எத்தனை பேர், நாலு பேர் சேந்து ஒண்ணப் பிடிச்சிட்டு ஒருத்தர் ரீடிங்க எல்லாரும் காப்பி அடிக்கற எடம்னா மூணு வருஷத்துல கை வராது. கெமிக்கல் புகைய வெளிய இழுக்கற ஃப்யூம் ஹூட் ஓடுதா, இல்ல அதுக்குள்ள பழைய ரெக்கார்டு நோட்ட அடுக்கி வச்சிருக்காங்களா. நாலு தசம எடை பாக்கற எலக்ட்ரானிக் பேலன்ஸ், பி.ஹெச். மீட்டர், யு.வி. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருக்கா, பிள்ளைங்க தொடுதாங்களா, இல்ல கண்ணாடிக்குள்ள பூட்டி இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் தொறக்காங்களா. கடைசியா பிப்பெட்ட வாயால உறிஞ்சுதாங்களான்னு பாருங்க. காலேஜ்ல இன்னும் நெறைய எடத்துல அதுதான் பழக்கம், கம்பெனில வாயில வச்சா அன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க, ரப்பர் பல்ப் வச்சுப் பழகுன பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்ல.

இது எல்லாத்தையும் ஹெச்.ஓ.டி.கிட்ட கேட்டா எல்லாம் இருக்குன்னுதான் வரும். மூணாம் வருஷம் படிக்கற பிள்ளை யாரையாவது கேட்ல பிடிச்சுக் கேளுங்க, அஞ்சு நிமிஷத்துல உண்மை வந்துரும்.

6. பேப்பர் வேலை

ரிசல்ட் வரதுக்கு முன்னாடியே, ஏப்ரல் மாசமே இத முடிச்சுருங்க. மே, ஜூன்ல வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல்ல ஊரே நிக்கும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூணும் இ-சேவை மையத்துல போடணும், ஒரு சான்றிதழுக்கு 60 ரூபா. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு மேல போகும், ஒவ்வொரு டேபிள்லயும் நிக்கும், மெசேஜ் வரும்னு உக்காந்திருக்காம வி.ஏ.ஓ.வ ஒரு தடவ நேர்ல பாத்துச் சொல்லிட்டு வந்தா வேகமா நகரும். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும், பழசக் கொண்டு போகாதீங்க. இ-சேவையில ஸ்கேன் மங்கலா இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க, செண்டர் ஆளு அப்லோடு பண்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல காட்டச் சொல்லுங்க.

இனிஷியல். இதுதான் நம்ம ஆளுகளுக்குப் பெரிய தலவலி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல எம்.னு முன்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா பின்னாடி இருக்கும், ரேஷன் கார்டுல வேற மாதிரி இருக்கும், பேங்க் பாஸ்புக்குல இனிஷியலே இருக்காது. மத்திய அரசு ஃபார்ம் எல்லாமே பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்ல உள்ளபடி பேருன்னுதான் கேக்கும். அதனால மார்க் ஷீட்ட வச்சு ஆதார மாத்துங்க, ஆதார வச்சு மார்க் ஷீட்ட மாத்தப் போகாதீங்க, அது பெரிய வேலை. ஆதார் பேங்க் அக்கவுண்டோட சேந்திருக்கான்னும் பாருங்க, உதவித்தொகை எல்லாம் அது வழியாத்தான் வரும், அக்கவுண்டு இருந்தும் சீடிங் ஆகாம மாசக்கணக்குல பணம் வராம நிக்கற பிள்ளைங்க எக்கச்சக்கம்.

இது போக பத்து, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., போட்டோ. ஒரிஜினல எவன் கேட்டாலும் மொதல்ல கலர் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க, டிஜிலாக்கர்லயும் ஏத்திருங்க. எங்க சித்தி மகள மொதல்ல ஒரு பிரைவேட் காலேஜ்ல சேத்தோம், பொறவு அரசு காலேஜ்ல எடம் கெடச்சதும் டி.சி.யத் திருப்பிக் கேட்டா முழு வருஷ ஃபீஸக் கட்டுனாத்தான் தருவோம்னு உக்காந்துட்டாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018-லயே சொல்லியிருக்கு, அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாளைக்கு முன்னாடி வெலகுனா ஃபீஸ் முழுசும் திரும்ப வரணும், அதுல பிராசஸிங்னு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபா வரைக்கும் பிடிக்கலாம், நாள் ஆக ஆக தொகை கொறையும். இத எழுத்துல எழுதி பிரின்சிபால் பேருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புன பொறவுதான் டி.சி. கைக்கு வந்துச்சு. வாயால கெஞ்சிட்டு இருந்தா நடக்காது.

7. அப்ளிகேஷனும் தேதியும்

அரசு கலைக் கல்லூரிக்கு எல்லாம் சேத்து ஒரே ஆன்லைன் அப்ளிகேஷன், டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ.ன்னு தேடுனா வரும். 48 ரூபா அப்ளிகேஷனுக்கு, 2 ரூபா ரிஜிஸ்ட்ரேஷனுக்கு, எஸ்.சி. எஸ்.டி. பிள்ளைங்களுக்கு அந்த 2 ரூபா மட்டும்தான். ப்ளஸ் டூ ரிசல்ட்ட ஒட்டி மே மாசம் தொறப்பாங்க, மே கடைசி ஜூன்ல கவுன்சிலிங். ரேங்க் போடறது நாலு மெயின் பாடத்து 400 மார்க்குக்கு, தமிழும் இங்கிலீஷும் சேராது, அதனால மொத்த மார்க்கப் பாத்து பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். ஃபோன மாத்தாதீங்க, ஓ.டி.பி.யும் கவுன்சிலிங் மெசேஜும் அதுலதான் வரும்.

அரசு உதவி பெறுற காலேஜ் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அப்ளை பண்ணணும், அது அரசு சைட்ல வராது. ரெண்டுக்கும் ஒரே சமயத்துல போட்டு வைங்க, எது முந்துதோ பாத்துக்கலாம். ஐ.டி.ஐ.க்குத் தனி சைட், 50 ரூபா. பாலிடெக்னிக்குக்குத் தனி சைட், 150 ரூபா, எஸ்.சி. எஸ்.டி.க்கு இல்ல. இது எல்லாமே மே, ஜூனுக்குள்ள ஓடும், ஜூலைன்னா மிச்சம் மீதி எடம்தான்.

8. செலவு

காலேஜ் பேர விட எந்த ஷிப்டுங்கறதுதான் செலவத் தீர்மானிக்கும். உதவி பெறும் காலேஜ்லயே எய்டடு சீட், சுயநிதி சீட்னு ரெண்டு இருக்கும், வாத்தியார் வேற, நேரம் வேற, ஃபீஸ் பல மடங்கு வித்தியாசம். ரெண்டுக்கும் ஒரே டிகிரிதான். அட்மிஷன் ஸ்லிப்புல எது போட்டிருக்குன்னு பாருங்க, வாயால எய்டடுன்னு சொல்லிட்டு ஸ்லிப்புல எஸ்.எஃப்.னு (சுயநிதி) இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. அரசு காலேஜ், எய்டடு சீட்டுன்னா ஒரு சாதாரண குடும்பத்தால தாங்கற அளவுதான்.

ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியத்துலயோ படிச்ச பிள்ளைன்னா, பொண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபா. காலேஜ், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எல்லாத்துக்கும் உண்டு. காலேஜ் மூலமாத்தான் பதியணும், ஆபீஸ்ல போய் நீங்களா கேளுங்க. முதல் பட்டதாரி சான்றிதழ்னு ஒண்ணு எல்லாரும் ஓடி ஓடி வாங்குவாங்க, அது இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி தொழிற்படிப்பு ஃபீஸ் சலுகைக்குத்தான், பி.எஸ்.சி.க்கு அத வச்சு எதுவும் கொறையாது.

லேப் கோட் காட்டன்ல வாங்குங்க. கடையில பாலியஸ்டர் பளபளன்னு வெலை கம்மியா இருக்கும், தீ பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும். ரெண்டு கோட் வச்சுக்கோங்க, ஒண்ணுல ஆசிட் பட்டு ஓட்டை விழாம இருக்கவே இருக்காது. கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி காலேஜ்ல கேக்க மாட்டாங்க, நீங்களா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோங்க, மத்தவங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

9. படிக்கும்போது கையப் பழக்குங்க

கம்பெனி இன்டர்வியூல ரியாக்ஷன் மெக்கானிசம் எல்லாம் அவ்வளவா கேக்க மாட்டாங்க. ஒரு பியூரெட்டக் கையில கொடுத்து, இந்த சோடியம் ஹைட்ராக்சைட ஸ்டாண்டர்டைஸ் பண்ணுங்க, அதாவது சரியான செறிவு என்னன்னு கண்டுபிடிங்கன்னு சொல்லிட்டு சீஃப் கெமிஸ்ட் பக்கத்துல நின்னு சும்மா பாத்துட்டு இருப்பாரு. அவரு பாக்கது ரிசல்ட்ட இல்ல. பியூரெட்ட அதே சொல்யூஷன வச்சு அலசுதீங்களா, கோனிக்கல் ஃபிளாஸ்க்க வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல மட்டும் அலசுதீங்களா, நிரப்புன பொறவு மேல இருந்த ஃபனல எடுத்தீங்களா, முனையில காத்துக் குமிழ் நிக்கான்னு பாத்தீங்களா, பிப்பெட்டோட கடைசிச் சொட்ட ஊதித் தள்ளுதீங்களா. ஃபனல அப்படியே விட்டுட்டு ஆரம்பிச்சா அதுல ஒட்டியிருக்கற சொட்டு நடுவுல விழும், ரீடிங் தப்பும், அங்கயே அவரு பேனாவ மூடிருவாரு. எங்க லேபுல ஆள் எடுக்கும்போது நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், நல்ல மார்க் வச்சிருந்த பையன் ஃபனல எடுக்காம நின்னான், சுமாரான மார்க் வச்சிருந்த நாங்குநேரிப் பக்கத்துப் பொண்ணு பெர்மாங்கனேட்டுக்கு மேல் விளிம்புல ரீடிங் எடுத்துச்சு, ஏன்னு கேட்டதுக்கு கலர் அடர்த்தி, கீழ் விளிம்பு தெரியாதுல்லா சார்னுச்சு. அந்தப் பொண்ண எடுத்துட்டாங்க.

வீட்ல இருந்து போர் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு போய் லேப்ல கேட்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. தாமிரபரணித் தண்ணியையும் ராதாபுரம், திசையன்விளை பக்கத்துப் போர் தண்ணியையும் பக்கத்துல வச்சு ஹார்ட்னஸ் பாத்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். குடிதண்ணி ஐ.எஸ். 10500 தரத்துல ஹார்ட்னஸ் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற தண்ணி இல்லன்னா 600 வரை. இப்படி நாலு சாம்பிளோட ரீடிங்க ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தீங்கன்னா இன்டர்வியூல பேச விஷயம் இருக்கும்.

எக்செல் பழகுங்க. ரீடிங் எடுக்கறது பாதி வேலை, லாக் புக்குலயும் கம்ப்யூட்டர்லயும் ஏத்துறது மீதி. தப்பா எழுதிட்டா ஒயிட்னர் போடக் கூடாது, ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல சரியான நம்பர எழுதி கையெழுத்துப் போடணும், காலேஜ் ரெக்கார்டுலயே அப்படிப் பழகிருங்க. நான் முதல்வன் திட்டத்துல இலவசக் கோர்ஸ் வரும், சும்மா கிளிக் பண்ணி முடிக்காம லேப் சம்பந்தமா ஏதாவது இருந்தா அத எடுங்க.

10. முடிச்ச பொறவு அப்ரண்டிஸ்

டிகிரி, டிப்ளமோன்னா மத்திய அரசோட நாட்ஸ் போர்ட்டல்ல பதியணும், ஐ.டி.ஐ.ன்னா அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல். 2019-ல திருத்துன விதிப்படி மாச உதவித்தொகை கொறைஞ்சது டிகிரிக்கு 9,000, டிப்ளமோவுக்கு 8,000, ஐ.டி.ஐ.க்கு 7,000னு இருந்துச்சு, இப்ப எவ்ளோன்னு போர்ட்டல்ல பாத்துக்கோங்க, கம்பெனி அதுக்கு மேலயும் கொடுக்கலாம். இந்த ஒரு வருஷம் பேப்பர்ல சின்னதாத் தெரியும் ஆனா ஃபேக்டரி கேட்டுக்குள்ள நொழையறதுக்கு நம்ம மாதிரி சிபாரிசு இல்லாத ஆளுக்கு இதுதான் நேர் வழி.

ஒரு தடவ ஒரு அப்ரண்டிஸ் முடிச்சவங்கள இன்னொரு எடத்துல திரும்ப எடுக்க மாட்டாங்க. அதனால மொதல்ல கெடச்சதுன்னு ஏதோ ஷோரூம்லயோ டேட்டா என்ட்ரிக்கோ அப்ரண்டிஸா கையெழுத்துப் போட்டுறாதீங்க, பின்னாடி ரிஃபைனரியோ சிமெண்ட் கம்பெனியோ கூப்பிட்டா போக முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல வேலை அனுபவம் காட்டுனாலும் சில எடத்துல வெளிய தள்ளுதாங்க, நோட்டிஃபிகேஷன முழுசா வாசிங்க.

மத்திய நிறுவனத்துக்கு அப்ளை பண்ணும்போது நம்ம பி.சி., எம்.பி.சி. கார்டு செல்லாது, மத்திய அரசு ஃபார்மட்ல ஓ.பி.சி. சர்டிபிகேட் தனியா எடுக்கணும், கிரீமி லேயர் இல்லன்னு அதுல இருக்கணும், ஒரு வருஷத்துக்கு ஒரு தடவ புதுசு. அதுவும் இ-சேவைதான், நோட்டிஃபிகேஷன் வந்த பொறவு ஓடாம ஏப்ரல் பொறந்ததும் எடுத்து வச்சுக்கோங்க. இதுல சாதி, அப்பா வருமானம் எல்லாம் பாப்பாங்க, சாதிப் பேரு மத்திய பட்டியல்ல எப்படி எழுதியிருக்கோ அந்த எழுத்துப்படியே வரணும்.

காண்ட்ராக்ட்ல சேரறதா இருந்தா சேர அன்னைக்கே ரெண்டு கேள்வி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்காங்களா, ஆள் பட்டியல் ரோல்ல என்ன வேலைன்னு பேர் போடுதாங்க. நெறைய காண்ட்ராக்டர்மார் லேப்ல டெஸ்ட் பண்ற பிள்ளைய ஹெல்ப்பர்னு ரோல்ல போட்டு வச்சிருப்பாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கும்போதும் ஹெல்ப்பர்னுதான் வரும், அத வச்சு அடுத்த லேப்ல அனலிஸ்ட் வேலை கேக்க முடியாது. லேப் கெமிஸ்ட் இல்லன்னா லேப் அசிஸ்டெண்ட்னு அப்பாயின்மெண்ட் லெட்டர்ல எழுதித் தரச் சொல்லுங்க, தர மாட்டேன்னா அட்டெண்டன்ஸ் ஷீட்டு, நீங்க கையெழுத்துப் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட் காப்பி இதையாவது கம்பெனி அனுமதியோட எடுத்து வச்சுக்கோங்க.